உப்பு மானும் தீர்ந்துபோன வெள்ளைக் குச்சியும்: 48 நிற சாக் பேஸ்டல் பெட்டி பற்றிய மதிப்புரை

அக்காள் மகளுக்கு இரவில் சொல்லிச் சொல்லியே உருவான கதை அது. வேதாரண்யத்து உப்பளத்தில் பாட்டியோடு உப்பு வாரும் சிறுமி ஒருத்தி, அந்த ஆண்டின் கடைசி அம்பாரத்தைப் பனையோலையால் மூடும்போது, உப்புக்குள்ளிருந்து இரண்டு கண்கள் தன்னைப் பார்ப்பதைக் காண்கிறாள். உள்ளே நிற்பது உப்பாகிப் போகும்படி சபிக்கப்பட்ட ஒரு வெளிமான். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அதைக் கோடியக்கரைக் காட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு தூறல் பட்டாலும் அது கரையத் தொடங்கிவிடும். வழி முழுவதும் சிறுமி அதன்மேல் ஓலையைப் பிடித்தபடி நடக்கிறாள். காட்டின் விளிம்பில், உண்மையான மான்கள் ஒவ்வொன்றாக வந்து அந்த உப்பை நக்கத் தொடங்குகின்றன. நக்க நக்க, உள்ளிருந்து பழுப்புத் தோல் வெளிப்படுகிறது. இந்தக் கதைக்குப் பன்னிரண்டு படங்கள் வரைந்து ஒரு சிறு புத்தகமாகக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காக வாங்கிய 48 நிற சாக் பேஸ்டல் பெட்டியையும், அதோடு சேர்த்து வாங்கிய தாளையும், நான்கு மாதங்கள் பயன்படுத்திய பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் நீர்வண்ணத்தில்தான் தொடங்கினேன். இரண்டு படங்கள் முடிந்த பிறகே, அது கதைக்குப் பொருந்தாத ஊடகம் என்பது தெரிந்தது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் வண்ணம் படாமல் விட்டுவைத்த தாள்தான். என் கதையிலோ வெள்ளைதான் முக்கியப் பாத்திரம், அதுவும் இரவில் உலவுகிற பாத்திரம். இருட்டின்மேல் வெள்ளையைத் தூவ முடிகிற ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. உப்பு பொடியாக இருக்கிறது, பேஸ்டலும் பொடிதான் என்ற எளிய எண்ணத்தோடு கடைக்குப் போனேன்.

கடையில் நேர்ந்த குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்கப் போகிற எவருக்கும் அது நேரும். நம் பள்ளிகளில் பேஸ்டல் என்றாலே பிள்ளைகள் பயன்படுத்தும் ஆயில் பேஸ்டல்தான். மெழுகும் எண்ணெயும் சேர்ந்த, கையில் பிசுபிசுக்கிற குச்சி. சாக் பேஸ்டல் என்று அழுத்திச் சொன்னதும் கடைப்பையன் கரும்பலகைக்கு எழுதும் வண்ணச் சாக்பீஸ் பெட்டியை எடுத்து வைத்தான். இரண்டுமே வேறு. கரும்பலகைச் சாக்பீஸில் ஜிப்சம்தான் அதிகம், நிறமி பெயரளவுக்கே இருக்கும். நான் தேடிய குச்சியோ, அரைத்த நிறமியையும் சுண்ணப்பொடி அல்லது வெண்களிமண்ணையும் மிகக் குறைந்த பசையால் பிடித்துவைத்து உலர்த்தியது. பசை எவ்வளவு குறைவோ அவ்வளவு மென்மையாகக் குச்சி தாளில் உதிரும். பசை கூடினால் குச்சி கெட்டியாகி, கோடு போட உதவுமே தவிர நிறம் அடர்ந்து விழாது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய பெயர் ‘சாஃப்ட் பேஸ்டல்’. பெட்டியின்மேல் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

நான் வாங்கியது, ஓவியப் பொருள்கள் விற்கும் ஒரு கடை தன் சொந்தப் பெயரில் விற்கும் பெட்டி. ஒரே ஒரு பெட்டியில் கண்ட குறைகளைப் பெயர் சொல்லி ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்; விலை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன். உள்ளே 48 அரைக்குச்சிகள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலின் பாதி நீளம், சதுர முனை. பஞ்சுத் தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி. வீட்டுக்கு வந்தபோது ஐந்து குச்சிகள் உடைந்திருந்தன. இதை நான் குறையாகக் கொள்ளவில்லை, ஏனென்றால் பேஸ்டலில் உடைந்த குச்சியும் முழுக்குச்சியைப் போலவே வரையும்; சொல்லப்போனால் உடைந்த விளிம்பு கூர்மையாக இருப்பதால் மானின் கண்ணிமைக்கும் கொம்பின் முறுக்குக்கும் அந்தத் துண்டுகளைத்தான் தேடி எடுத்தேன். அரைக்குச்சியில் இன்னொரு வசதியும் உண்டு. அதைப் படுக்கவைத்து இழுத்தால் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே வீச்சில் வானம் வந்துவிடும்.

குச்சிகளின் தரம் ஒரே சீராக இல்லை. ஆழ்கடல் நீலமும் காவி வகைகளும் வெண்ணெய் போல் இழைந்தன. சிவப்புகளில் ஒன்றும் பச்சைகளில் இரண்டும் தாளைக் கீறின. குறிப்பாக அந்தக் கரும்பச்சைக் குச்சிக்குள் மணல் போன்ற ஏதோ ஒன்று இருந்தது. கோடு போட்ட இடத்தில் தாளே பள்ளமாகி, பிறகு எந்த நிறத்தை மேலே பூசினாலும் அந்தப் பள்ளம் தனியே தெரிந்தது. நிறத் தேர்விலும் ஒரு சாய்வு இருக்கிறது. இந்த விலைப் பெட்டிகளில் கண்ணைக் கவரும் நடுத்தர நிறங்களே நிறைந்திருக்கும். மிக அடர்ந்தவையும் மிக வெளிறியவையும் குறைவு. இந்தப் பெட்டியில் பச்சை ஒன்பது இருந்தது, உண்மையிலேயே இருட்டு என்று சொல்லத்தக்க நிறம் கறுப்பைத் தவிர ஒன்றுகூட இல்லை. உப்பளத்து இரவைக் கறுப்பால் மட்டும் வரைந்தால் அது கரி பூசிய சுவர் போல் செத்துக் கிடக்கும். நீலத்தின்மேல் கரும்பழுப்பை மெல்ல இழைத்து, அதன்மேல் மறுபடி நீலத்தை இட்டு, அந்த இருட்டை நானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளைக் குச்சி நான்காவது படத்தில் தீர்ந்தது. 48 நிறங்களில் வெள்ளை ஒன்றே ஒன்று, அதுவும் மற்றவற்றின் அளவிலேயே. மானுக்கு, உப்புக்கு, நிலாவுக்கு, பாட்டியின் நரைமுடிக்கு, போதாக்குறைக்கு மற்ற நிறங்களை வெளிற வைப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் அதுவே. பிறகு உதிரியாக விற்கும் முழுநீள டைட்டானியம் வெள்ளைக் குச்சிகள் மூன்று வாங்கினேன். வாங்கிய பிறகே பெட்டியிலிருந்த வெள்ளை எவ்வளவு சோனியானது என்பது புரிந்தது. அதில் சுண்ணப்பொடிதான் மிகுதி. நீலத்தின்மேல் இட்டால் பால் கலந்த தண்ணீர் போல் தோன்றும். டைட்டானியம் வெள்ளையோ ஒரே தடவலில் அடியிலிருந்த நீலத்தை மூடிவிட்டது. பெட்டி வாங்கும்போதே இரண்டு வெள்ளைகளையும் ஒரு கரும்நீலத்தையும் ஒரு கரும்பழுப்பையும் உதிரியாகச் சேர்த்து வாங்கியிருந்தால், ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இனித் தாளைப் பற்றி. இந்த வேலையில் நான் செலவழித்த பணத்தில் மிகச் சிறந்த பகுதி கான்சன் நிறுவனத்தின் மி-தாந்த் தாளுக்குப் போனதுதான். சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள, கூழிலேயே சாயம் ஏற்றப்பட்ட தாள். 50×65 சென்டிமீட்டர் தாள் ஒன்றை நான்காக வெட்டினால் என் புத்தகத்துக்குப் போதிய அளவு கிடைக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் தேனடை போன்ற பதிவு எடுப்பாக இருக்கும், மறுபக்கம் மெல்லிய சொரசொரப்போடு இருக்கும். எந்தப் பக்கத்திலும் வரையலாம். உப்புப் பாத்திகளுக்கும் அம்பாரத்துக்கும் தேனடைப் பக்கம் அருமையாக அமைந்தது. வெள்ளைக் குச்சியைப் படுக்கவைத்து அழுத்தாமல் இழுத்தபோது மேடுகளில் மட்டும் பொடி தங்கி, பள்ளங்களில் தாளின் நிறம் தெரிய, உண்மையான உப்புப் பரலாகவே அது விழுந்தது. சிறுமியின் முகத்துக்கும் மானின் முகத்துக்கும் மறுபக்கமே சரி. ஒரே கதைக்கு இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் படங்களுக்கிடையே ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை.

நிறத்தாளில் தொடங்குவதன் பயனை இந்தக் கதையில்தான் முழுமையாக உணர்ந்தேன். இரவுப் படங்கள் ஏழுக்கும் இண்டிகோ நீலத் தாள் எடுத்தேன். இரவு ஏற்கெனவே தாளில் இருப்பதால், வெளிச்சம் எங்கெங்கே படுகிறது என்பதை மட்டும் வரைந்தால் போதும். பெட்டியின் இருட்டு நிறப் பஞ்சத்தைத் தாளே பாதிக்கு மேல் தீர்த்துவிட்டது. மாலைக் காட்சிகளுக்குச் சாம்பல் தாள். வெள்ளைத் தாளில் ஒரு படம்கூட வரையவில்லை. அதில் வரைந்திருந்தால் வானத்தை நிரப்பவே பாதிப் பெட்டி போயிருக்கும்.

பெட்டியையும் தாளையும் உண்மையில் சோதித்தது பதினொன்றாம் படம். மான்கள் உப்பை நக்குகிற காட்சி. வெள்ளை உடலில் நாக்கு பட்ட இடமெல்லாம் பழுப்பு தெரிய வேண்டும். பழுப்பை மேலே பூசினால் அது வெள்ளையோடு கலந்து பால் தேநீர் நிறமாகிவிடுகிறது, இரண்டு முறை அப்படித்தான் கெட்டது. மூன்றாம் முறை கதை எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசையில் வரைந்தேன். முதலில் சாபம் ஏதும் இல்லாத முழு மானை வரைந்தேன்: கரும்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம், முறுக்கிய கொம்பு. அதன்மேல் ஃபிக்சேட்டிவ், அதாவது பொடி உதிராமல் தாளோடு பிடித்துவைக்கும் நீர்மத்தைத் தெளித்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, மறுபடி தெளித்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு டைட்டானியம் வெள்ளையால் மான் முழுவதையும் மூடினேன். அதாவது, ஒரு நல்ல மானை வரைந்துவிட்டு அதை நானே உப்பாகச் சபித்தேன். கடைசியாகப் பிசையும் ரப்பரை நாக்கு வடிவில் பிடித்துவைத்து, கழுத்திலும் தோளிலும் ஒற்றி ஒற்றி எடுத்தபோது வெள்ளை மட்டும் ரப்பரோடு வந்தது, தெளிப்பால் பிடித்துவைக்கப்பட்ட பழுப்பு அசையாமல் அடியில் நின்றது. எண்ணெய்வண்ணத்தில் சுரண்டலாம், நீர்வண்ணத்தில் கழுவலாம். ஆனால் நக்குவது போல் எடுக்க இந்தப் பொடியால்தான் முடியும் என்று எனக்குத் தோன்றியது. கழுத்தின் ஒரு பக்கத்தில் நான் அதிகமாக ஒற்றிவிட்டேன். அங்கே பழுப்பும் கொஞ்சம் போய் நீலத் தாள் எட்டிப் பார்க்கிறது. அதைத் திருத்தவில்லை.

ஃபிக்சேட்டிவ் தனிப் பாட்டிலாக வாங்க வேண்டியது, பெட்டியோடு வருவதில்லை. அடியடுக்கைப் பிடித்துவைக்க அது இன்றியமையாதது. ஆனால் முடிந்த படத்தின்மேல் அதைத் தெளிப்பதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். பொடித் துகள்களுக்கிடையே இருக்கும் காற்றுதான் பேஸ்டலுக்கு அந்த மாவு போன்ற ஒளியைத் தருகிறது. தெளித்த நீர்மம் அந்த இடைவெளிகளை அடைத்தவுடன் வெளிர்நிறங்கள் மங்குகின்றன, சுண்ணம் மிகுந்த வெள்ளை ஏறக்குறையக் கண்ணாடி போலாகி மறைந்தே விடுகிறது. இரண்டாம் படத்தின் நிலாவை அப்படித்தான் இழந்தேன்; தெளித்து ஐந்து நிமிடத்தில் பௌர்ணமி மேகமூட்டமாயிற்று. அதன் பிறகு எல்லாப் படங்களிலும் கடைசி வெள்ளையைத் தெளிப்புக்குப் பின்னரே இட்டு, அப்படியே விட்டுவிட்டு, மேலே கிளாசைன் தாள் வைத்து மூடினேன். அந்த வழவழப்பான தாளில் பொடி அதிகம் ஒட்டுவதில்லை.

நம் வீடுகளில் இந்த ஊடகத்தோடு வேலை செய்வதன் உண்மையான சிரமம் மின்விசிறி. விசிறியைப் போட்டால் பொடி அறை முழுவதும் பறக்கிறது, நிறுத்தினால் வேர்வை. நாகப்பட்டினத்து மே மாதத்தில், ஆறாம் படத்தில் உப்பு மானின் முதுகின்மேல் என் நெற்றி வேர்வை ஒரு துளி விழுந்து, ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை கரைந்து நீலமாயிற்று. கதையில் வரவேண்டிய முதல் மழைத்துளி முன்கூட்டியே வந்துவிட்டது. அதன் பின் விடியற்காலையில் மட்டும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரைந்தேன். தாளைப் படுக்கவைக்காமல் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் உதிரும் பொடி படத்தின்மேல் தங்காமல் கீழே விழும். கீழே ஈரத்துணி விரித்து வைத்தால் அங்கேயே அடங்கும். பொடியை வாயால் ஊதக் கூடாது, அது திரும்ப மூக்குக்குத்தான் வரும். சில நிறங்களில் காட்மியம் போன்ற உலோகச் சேர்மங்கள் இருக்கக்கூடும் என்பதாலும், என்ன நிறமி என்பதை இந்தப் பெட்டி சொல்லவில்லை என்பதாலும், நான் முகக்கவசம் அணிந்தே வரைந்தேன். அக்காள் மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மானின் மூக்கருகே சிதறிய வெள்ளைப் பொடியைப் பார்த்து, “சித்தி, மான் தும்மிடுச்சா?” என்று கேட்டாள். அந்தத் தும்மலையும் கதையில் சேர்த்துவிட்டேன். ஆனால் அவளை அந்த அறையில் நெடுநேரம் இருக்க விடவில்லை. சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே வரைவதற்கு இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவர்களுக்கு ஆயில் பேஸ்டலே போதும்.

குச்சிகள் ஒன்றோடொன்று உரசி எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியத் தொடங்கியபோது, ஒரு பழைய டப்பாவில் ஒரு பிடி அரிசியைப் போட்டு அதற்குள் குச்சிகளைக் குலுக்கினேன். அழுக்குப் பொடி அரிசியோடு போய்விட்டது, குச்சிகள் தத்தம் நிறத்தோடு வெளியே வந்தன. ரவையிலும் செய்யலாம். (அந்த அரிசியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பதைச் சமையலறையில் உள்ளவர்களுக்கும் மறவாமல் சொல்லிவிடுங்கள்.)

பெட்டியைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறை நிறத்தின் ஆயுள். பேஸ்டல் நீடிக்காது என்ற பேச்சில் பொருளில்லை. சுவிஸ் ஓவியர் ழான்-எத்தியென் லியொத்தார் சுமார் 1744இல் வரைந்த சாக்லேட் ஏந்திய பணிப்பெண்ணின் பேஸ்டல் படம் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. எண்ணெய் இல்லாததால் மஞ்சளாவதற்கோ வெடிப்பதற்கோ அதில் எதுவும் இல்லை. நீடிப்பதும் வெளுப்பதும் நிறமியைப் பொறுத்தது. தேர்ந்த ஓவியர்களுக்கான குச்சிகளின் உறையில் நிறமியின் குறியீடு இருக்கும். அல்ட்ராமரின் நீலம் என்றால் பிபி 29 என்று. இந்தப் பெட்டியில் அப்படி எதுவும் அச்சிடப்படவில்லை. ஆகவே நானே சோதித்தேன். 48 நிறங்களையும் ஒரு தாளில் பட்டை பட்டையாக இட்டு, பாதியை அட்டையால் மூடி, தெற்குச் சன்னலில் இரண்டு மாதம் ஒட்டிவைத்தேன். காவிகளும் நீலங்களும் கறுப்பும் வெள்ளையும் மாறவே இல்லை. இரண்டு ஊதா நிறங்களும் அடர் ரோஜாவும் கண்கூடாக வெளுத்திருந்தன. கோடியக்கரைப் பூநாரைகள் கூட்டமாக இறங்குகிற மூன்றாம் படத்தை நான் அந்த ரோஜாவால்தான் முழுக்க வரைந்திருந்தேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்காக மட்டும் வரைகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, படத்தை உடனே நகலெடுத்துவிடலாம். அந்த நகலெடுப்பில்தான் நான் இன்னொரு பாடம் படித்தேன். தட்டை ஸ்கேனரில் படத்தைக் கவிழ்த்து வைத்து மூடியை அழுத்தினால் கண்ணாடியில் ஒரு படமும் தாளில் ஒரு கறையுமாகத்தான் மிஞ்சும். ஒரு நகலகத்தில் ஐந்தாம் படம் அப்படிப் போனது. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்ன இது, கோலமாவா என்று கேட்டார். மீதிப் படங்களைக் கேமராவால் எடுத்தேன்: படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, இரு பக்கமும் சாய்கோணத்தில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் தாளின் தேனடைப் பதிவு நிழல் கட்டி மானின் மேல் வலை போட்டது போல் தெரியும்.

விலை உயர்ந்த குச்சிகளோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. நண்பர் ஒருவரிடம் பாரிஸின் சென்னலியே நிறுவனத்துக் குச்சிகள் சில இருந்தன. 1887இல் தொடங்கிய கடை, இன்று பேஸ்டலில் மட்டும் 525 நிறங்கள் தருகிறது. அதன் கரும்நீலத்தைப் பன்னிரண்டாம் படத்தின் ஒரு மூலையில் இட்டுப் பார்த்தேன். குச்சியைத் தொட்டாலே நிறம் உதிர்கிறது, பட்டுத்துணி விரித்தாற்போல் அடர்ந்து படிகிறது. என் பெட்டியில் அந்த ஆழம் இல்லை. ஆனால் அவ்வளவு மென்மையான குச்சியை அடியடுக்குக்கே பயன்படுத்தினால் தாளின் சொரசொரப்பு உடனே நிரம்பி, நான்காம் அடுக்கு வழுக்கத் தொடங்குகிறது. கெட்டியானதை அடியிலும் மென்மையானதை மேலேயும் வைப்பதுதான் முறை. அந்த வகையில் இந்தச் சாதாரணப் பெட்டி அடிவேலைக்கு மிகவும் ஏற்றது. மேலடுக்குக்கு மட்டும் நல்ல குச்சிகளைத் தேர்ந்து உதிரியாக வாங்கிக்கொள்ளலாம். 72 நிறம், 96 நிறம் என்று பெரிய பெட்டிகளுக்குப் போவதைவிட, இந்தப் பெட்டி, பத்து நிறத்தாள்கள், நான்கு நல்ல உதிரிக் குச்சிகள் என்று வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். இன்னொரு கதைக்குப் படம் வரையும்போதும் இதையேதான் செய்வேன்.

புத்தகம் அவளுடைய பிறந்தநாளுக்குத் தயாராகிவிட்டது. மூலப் படங்களைச் சட்டமிடும்போது, கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வைக்கச் சொன்னேன். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பொடி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பூநாரைப் படத்தை மட்டும் வெயில் எட்டாத பூஜை அறைப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வேறு நல்ல ரோஜாக் குச்சி ஒன்று உதிரியாகக் கிடைக்கும்போது, அந்தப் பறவைகளை மட்டும் திரும்ப வரைந்து மாற்றிவிடுவேன்.